மாந்தமும் மால்ட்டும் - ஆறு மாசத்து வயித்தோட வரலாறு

ஆற்காட்டிலிருந்து ஆரணி போற ரோட்டுல திமிரின்னு ஒரு ஊர் வரும். சரித்திரப் புத்தகத்துல இந்த ஊருக்குக் கிடைச்ச இடம் ரொம்பச் சின்னது. 1751ல ராபர்ட் கிளைவ் ஆற்காட்டுக் கோட்டையைப் பிடிச்ச கையோட திமிரிக் கோட்டை மேலயும் படை நடத்தினார்னு ஒரு ரெண்டு வரி. அதோட சரி.

நவாபு, கும்பினி சண்டை எல்லாம் எழுத நிறைய பேர் இருக்காங்க. நான் எழுத நினைச்சது வேற சரித்திரம். இந்த வட்டாரத்துக் குழந்தைகளோட வயித்தைப் பத்தின சரித்திரம். சிரிக்காதீங்க :-) கிளைவை விட இது நம்ம வீட்டுக்குள்ள ரொம்ப வருஷமா நடக்கிற சண்டை. அதுவும் இல்லாம, இந்தச் சண்டையில பல முக்கியமான கண்டுபிடிப்புகள் உலகத்துக்குப் போனது பக்கத்து வேலூர்ல இருந்துதான்.

எங்க பக்கம் ஆறு மாசக் குழந்தைக்கு முதல் வாய் கஞ்சி ஊட்டின மறுவாரம் ஒரு வசனம் கண்டிப்பா வரும். "வயிறு ஒத்துக்கல." ரெண்டு தடவை வயித்தால போயிருக்கும், இல்ல பால் பாலா கக்கியிருக்கும், ராத்திரி முழுக்க வயிறு உப்பி அழுதிருக்கும். உடனே ஆயா ஒண்ணு சொல்லும், பக்கத்து வீட்டம்மா ஒண்ணு சொல்லும். ஒருத்தர் மாந்தம்பாங்க. இன்னொருத்தர் தொக்கம் நிக்குது, தொக்கம் எடுக்கிறவங்க கிட்ட தூக்கிட்டுப் போம்பாங்க. குடல் ஏறிடுச்சு தட்டணும்னு மூணாவது குரல் கேட்கும். வசம்பைச் சுட்டு, உரைகல்லுல ஜாதிக்காய் மாசிக்காயோட இழைச்சு நாக்குல தடவுவாங்க. கடைசியா எல்லாரும் பெத்தவ பக்கம் திரும்புவாங்க. "நீ என்னத்தைத் தின்ன? உன் பால்தான் புள்ளைக்கு ஆகல."

இவ்வளவும் முடிஞ்சதும் எல்லாரும் ஒத்துமையா எடுக்கிற முடிவு ஒண்ணு உண்டு. முட்டையை நிறுத்து, பருப்பை நிறுத்து, கஞ்சியைத் தண்ணியாக்கு.

எனக்கு ரொம்ப நாளா இருந்த கேள்வி இதுதான். ஒத்துக்காதது யாரோட வயிறு? குழந்தையோடதா, இந்த மண்ணோடதா? விளையாட்டாக் கேட்கல. இந்தக் கேள்வியைத்தான் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி டாக்டர்கள் (எங்க பக்கம் சிஎம்சி ஆஸ்பத்திரின்னா பச்சைக் குழந்தைக்கும் தெரியும்) அறுபது வருஷத்துக்கும் மேலா வேற வேற பேர்ல கேட்டுட்டு இருக்காங்க.

விரலும் இலையும்

1950களின் கடைசியிலிருந்து 60கள் வரைக்கும் வட ஆற்காடு கிராமங்கள்ல ஒரு விசித்திரமான நோய் பரவுச்சு. பேதி வரும், நிக்கவே நிக்காது. சாப்பாடு உடம்புல ஒட்டாது. ஆள் இளைச்சு, ரத்தம் சுண்டி, கடைசியில செத்தே போவாங்க. ஸ்ப்ரூன்னு டாக்டர்கள் சொன்ன நோய் இது. இதை ஆராயறதுக்காக சிஎம்சியில செல்வின் பேக்கரும், அவரோட வி.ஐ.மாத்தனும் மத்தவங்களும் கிராமம் கிராமமாப் போனாங்க.

நோயாளியோட சிறுகுடல்ல இருந்து ஒரு துணுக்குச் சதை எடுத்துப் பார்த்தாங்க. நம்ம சிறுகுடலோட உள்பக்கம் வழவழன்னு இருக்காது. கம்பளி மாதிரி லட்சக்கணக்குல குட்டிக் குட்டி நீட்டல்கள் இருக்கும். பள்ளிக்கூடப் புத்தகத்துல குடலுறிஞ்சிகள்னு படிச்சிருப்போமே, அதேதான். சத்தை உறிஞ்சுற வேலை அங்கதான் நடக்குது. ஐரோப்பாக்காரங்க புத்தகத்துல அது விரல் மாதிரி நீளமா இருக்கணும்னு போட்டிருந்துச்சு. ஸ்ப்ரூ நோயாளிக்கு அது குட்டையாகித் தேய்ஞ்சிருந்ததுல ஆச்சரியம் இல்ல. ஆச்சரியம் என்னன்னா, நோயே இல்லாத, நல்லா நடமாடிட்டு இருக்கிற நம்ம ஊர்க்காரங்க குடல்லயும் விரல் இல்ல! அகலமா, இலை மாதிரி இருந்துச்சு.

சரி, நம்ம ஜனங்க பிறவியே இப்படித்தானோ? இந்தக் கேள்விக்கு வேலூர்லயே பதில் தேடினாங்க. 1969ல சாக்கோ, பேக்கர், மாத்தன் உள்ளிட்டவங்க ஒரு பிணக்கூறு ஆய்வை வெளியிட்டாங்க. படிக்கவே மனசு கஷ்டப்படற ஆய்வு. கருவுலயே இறந்த, பிறந்த கொஞ்ச நாள்ல இறந்த சிசுக்களோட குடலைப் பார்த்தா, அங்க விரல்தான் இருந்துச்சு. லண்டன் குழந்தைக்கு இருக்கிற அதே விரல். இலை வந்தது பிறந்ததுக்கு அப்புறம்தான்.

இதுக்கு எதிர்ப்பக்கத்துல இருந்தும் ஒரு சாட்சி கிடைச்சது. அதே 60கள்ல அன்னைக்குக் கிழக்கு பாகிஸ்தானா இருந்த இடத்துக்கு வேலைக்கு வந்த அமெரிக்க அமைதிப் படைத் தொண்டர்களோட குடலும் சில மாசத்துல மாறிப்போச்சு. ஊருக்குத் திரும்பின பிறகு மறுபடி சரியாச்சு.

ஆக, நம்ம குழந்தை பலவீனமான வயித்தோட பிறக்கல. நல்ல வயித்தோடதான் பிறக்குது. தண்ணி, மண், கை, பாத்திரம், ஈ வழியா நுழையற கிருமிகள் அந்தக் குடலைத் திரும்பத் திரும்பத் தாக்கி அதோட உருவத்தையே மாத்துது. "ஒத்துக்கல"ன்னு நாம சொல்ற வார்த்தை பாதி சரி. எது எதோட ஒத்துக்கலைங்கறதுலதான் விஷயமே இருக்கு.

சோறு வர்ற மாசம்

இந்தத் தாக்குதல் சூடு பிடிக்கிற நேரம் எது? நீங்க நினைக்கிறதேதான். வெளிச் சாப்பாடு உள்ளே போற நேரம்.

இதுக்குப் பேர் வெச்சவங்க பஞ்சாப் கிராமங்கள்ல வேலை செஞ்சவங்க. ஜான் கார்டன், சிட்காரா, வயன் மூணு பேரும் 1963ல எழுதின கட்டுரையில, தாய்ப்பாலோட வேற உணவு சேர ஆரம்பிக்கிற பருவத்துல வர்ற பேதியைத் தனி நோயாவே பார்க்கணும்னு சொன்னாங்க. வெறும் தாய்ப்பால் குடிக்கிற வரைக்கும் குழந்தைக்குக் கிருமி வர்ற வாசல் சின்னது. கஞ்சிக் கிண்ணம் வந்ததும் வாசல் அகலமாத் திறந்துடுது. தாய்ப்பால் தர்ற பாதுகாப்பும் அதே நேரத்துல குறையுது. பேதி வருது, பசி போகுது, குழந்தை இளைக்குது, இளைச்ச குழந்தைக்கு அடுத்த பேதி சீக்கிரம் வருது. செக்குமாடு மாதிரி ஒரே வட்டம்.

தமிழ்ல இதுக்கு அழகான, சோகமான ஒரு வார்த்தை இருக்கு. சவலை. அடுத்த குழந்தை வயித்துல வந்து, பால் மறக்கடிக்கப்பட்டு இளைச்சுப்போன புள்ளை சவலைப்புள்ளை. 1930கள்ல ஆப்பிரிக்காவின் கோல்ட் கோஸ்ட்ல (இன்றைய கானா) வேலை செஞ்ச சிசிலி வில்லியம்ஸ்ங்கற பெண் டாக்டர், கை கால் வீங்கி, முடி செம்பட்டையான குழந்தைகளைப் பார்த்து அங்க உள்ளவங்க கிட்ட இதுக்கு என்ன பேர்னு கேட்டாங்க. அவங்க சொன்ன க்வாஷியோர்கர்ங்கற கா மொழிச் சொல்லை 1935ல மருத்துவ உலகத்துக்குக் கொண்டு வந்தாங்க. அதோட அர்த்தம், அடுத்த குழந்தை வந்ததால இடம் போன குழந்தைக்கு வர்ற நோய். கிட்டத்தட்ட நம்ம சவலை! ரெண்டு கண்டத்துத் தாய்மாரும் ஒரே விஷயத்தைப் பார்த்து ஒரே மாதிரி பேர் வெச்சிருக்காங்க.

டப்பா வந்த கதை

ஒத்துக்காத வயித்துக்குத் தீர்வு சொல்ல வியாபாரிங்க டாக்டருக்கு முன்னாடியே வந்துட்டாங்க. 1851ல இங்கிலாந்து நாட்டிங்ஹாம்ல வில்லியம் வுட்வர்ட் கிரைப் வாட்டரை உண்டாக்கினார். சோம்பு வகை எண்ணெய், சோடா உப்பு, சர்க்கரை, அதோட அந்தக் காலத் தயாரிப்புல கொஞ்சம் சாராயமும் உண்டு. குழந்தை ஏன் அமைதியாத் தூங்குச்சுன்னு இப்ப புரியுதா :-)

1865ல ஜெர்மன் விஞ்ஞானி லீபிக் ஒரு குழந்தை உணவைச் சொன்னார். கோதுமை மாவு, பசும்பால், கொஞ்சம் பொட்டாசியம் உப்பு, அதோட மால்ட் மாவு. அதாவது தானியத்தை முளைகட்டி, காயவெச்சு அரைச்ச மாவு. இந்த மால்ட்டை ஞாபகம் வெச்சுக்கங்க, பின்னாடி நம்ம ஊர்ல சந்திப்போம். ரெண்டு வருஷம் கழிச்சு 1867ல ஹென்ரி நெஸ்லேயோட பால் மாவு வந்துச்சு. அதுக்கப்புறம் டப்பாக்களோட ஊர்வலம்தான்.

இந்தியாவுல இந்தக் கதைக்கு ஒரு நல்ல அத்தியாயமும் உண்டு. எருமைப் பாலுல குழந்தை உணவு செய்யவே முடியாது, அது செரிக்காதுன்னு வெளிநாட்டு நிபுணர்கள் சொல்லிட்டு இருந்த காலத்துல, மைசூர் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆய்வகத்துல (1950ல தொடங்கினது) அதன் முதல் இயக்குநர் வி.சுப்ரமணியன் குழு அதைச் செஞ்சு காட்டுச்சு. அந்த முறையிலதான் 1960ஐ ஒட்டி அமுல் பேபி ஃபுட் சந்தைக்கு வந்துச்சு.

ஆனா டப்பால மாவு மட்டும் நல்லா இருந்தாப் போதுமா? கலக்கற தண்ணி? புட்டி? ஒரு டப்பாவை நாலு வாரம் ஓட்டணும்னு அளவைக் குறைக்கிற ஏழ்மை? சிசிலி வில்லியம்ஸ் 1939ல சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்துல பேசினப்போ தலைப்பே "பாலும் கொலையும்". தாய்ப்பாலுக்குப் பதிலா கெட்டிப்பால் கொடுக்கச் சொல்றதைக் கொலைன்னே சொன்னாங்க. உலகம் அதைக் கேட்க 1981 ஆச்சு, உலக சுகாதார நிறுவனம் விற்பனை விதிமுறை கொண்டு வந்தது அந்த வருஷம். இந்தியா 1992ல சட்டம் போட்டு, 2003ல இன்னும் இறுக்கிச்சு. ரெண்டு வயசுக்குட்பட்ட குழந்தை உணவுக்கு விளம்பரமே செய்யக்கூடாதுங்கறது அதுலதான் இருக்கு.

பட்டினி வைத்தியம்

ஆயாவை மட்டும் குத்தம் சொன்னா நியாயம் இல்ல. பேதி வந்தா வயித்துக்கு ஓய்வு கொடு, பட்டினி போடுன்னு மேல்நாட்டு டாக்டர்களும் ரொம்ப காலம் சொல்லிட்டு இருந்தாங்க. 1948லேயே சுங்ங்கற டாக்டர், பேதியோட இருக்கிற குழந்தைக்குச் சாப்பாடு கொடுத்தா பேதி நீளல, உள்ளே போனதுல கணிசமான பங்கு உடம்புல சேருதுன்னு அளந்து காட்டினாங்க. யாரும் பெரிசாக் கண்டுக்கல.

அப்புறம் வந்தது 1971. வங்கதேசப் போர், எல்லையில பன்காவ் அகதி முகாம், காலரா. நரம்பு வழியா ஏத்தற பாட்டில் தீர்ந்துபோச்சு. டாக்டர் திலீப் மஹலனாபிஸ் உப்பும் குளுக்கோஸும் கலந்த தண்ணியை வாய் வழியாவே கொடுக்கச் சொன்னார். சாவு விகிதம் கிட்டத்தட்ட 30 சதவீதத்துல இருந்து 3.6 சதவீதமா இறங்குச்சு. நம்ம மெடிக்கல் ஷாப்புல கிடைக்கிற ஓஆர்எஸ் பாக்கெட்டோட கதை இது. சர்க்கரை உள்ளே போகும்போது உப்பையும் தண்ணியையும் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போகும், பேதியிலயும் அந்த வாசல் மூடறதில்லைங்கறதுதான் இதோட சூட்சுமம்.

வேலூர் இங்க மறுபடி வருது. சிஎம்சியில பி.எஸ்.ராமகிருஷ்ணாவும் அவரோட ஆட்களும் பெருங்குடலைப் பத்தி யோசிச்சாங்க. சிறுகுடல்ல செரிக்காத மாவுச்சத்து பெருங்குடலுக்குப் போனா, அங்க இருக்கிற நல்ல கிருமிகள் அதை நொதிக்க வைக்கும். அதுல வர்ற கொழுப்பு அமிலங்கள் உப்பையும் தண்ணியையும் உறிஞ்ச வைக்கும். அப்ப ஓஆர்எஸ்ல அந்த மாதிரி மாவைச் சேர்த்தா என்ன? மக்காச்சோள மாவைச் சேர்த்து வேலூர்ல காலரா நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தாங்க. பேதியோட அளவும் குறைஞ்சது, நாளும் குறைஞ்சது. 2000ல நியூ இங்கிலாந்து மருத்துவ இதழ்ல வெளியாச்சு. 2006ல குழந்தைகளுக்கும் நடத்தின ஆய்வு வந்துச்சு.

பேதிக்குக் கஞ்சி கொடுன்னு சொன்ன ஆயாவோட உள்ளுணர்வுக்குப் பின்னாடி ஒரு விஞ்ஞானம் இருக்கு. அப்ப தப்பு எங்க நடக்குது?

கஞ்சிக் கணக்கு

தப்பு தண்ணியில நடக்குது. ஒரு சின்ன கணக்கு போடுவோம், பயப்படாதீங்க, அஞ்சாங்கிளாஸ் கணக்குதான்.

ஆறு மாசத்துல இருந்து எட்டு மாசம் வரைக்கும், தாய்ப்பாலுக்கு மேல குழந்தைக்கு ஒரு நாளைக்குச் சுமார் 200 கலோரி தேவை. ஒன்பதுல இருந்து பதினொண்ணு வரைக்கும் 300. ஒரு வயசுக்கு மேல 550. குழந்தையோட வயிறு ஒரு நேரத்துல கொள்றது கிலோவுக்கு 30 மில்லி. ஏழு கிலோ குழந்தைக்கு 210 மில்லி, அதாவது ஒரு சின்ன டம்ளர்.

இப்ப ஒரு மேசைக்கரண்டி அரிசி, 15 கிராம்னு வைங்க. அதுல 50 கலோரி சொச்சம். அதை 250 மில்லி கஞ்சியாக் காய்ச்சினா 100 மில்லிக்கு 20 கலோரி. தாய்ப்பால்ல 100 மில்லிக்கு 65க்கு மேல. வடிகட்டின கஞ்சித் தண்ணின்னா இன்னும் மோசம். அந்தக் கஞ்சியிலேயே 200 கலோரி வேணும்னா குழந்தை ஒரு லிட்டர் குடிக்கணும். குடிச்சா தாய்ப்பால் குடிக்க வயித்துல இடம் ஏது? ஆக "லேசான சாப்பாடு"ன்னு நாம கொடுக்கிறது, அது வரைக்கும் குடிச்சிட்டு இருந்த பாலை விட மூணு மடங்கு லேசு. வயிறு நிறையும், அழுகை நிக்கும், எடை ஏறாது. எடை ஏறலைன்னதும் மறுபடி அதே வசனம், "வயிறு ஒத்துக்கல".

சேலத்துல 1918ல பிறந்து நூறு வயசு வாழ்ந்த சத்துணவு விஞ்ஞானி சி.கோபாலன் இதை வேற பக்கத்துல இருந்து பிடிச்சார். உலகமே இந்தியக் குழந்தைக்குப் புரதம் பத்தல, புரதம் பத்தலைன்னு கூவிட்டு இருந்த நேரம். அவரோட குழு ஹைதராபாத் பக்கத்துக் கிராமத்துக் குழந்தைகளுக்கு ஒரு நாளைக்கு 310 கலோரி, வெறும் 3 கிராம் புரதம் உள்ள பண்டத்தைக் கூடுதலாக் கொடுத்துப் பார்த்துச்சு. உயரமும் எடையும் கூடுச்சு. 1973ல வெளியான முடிவு. பசியைத்தான் முதல்ல பாருங்கடான்னு சொன்ன மாதிரி.

அப்ப கெட்டியாக் கொடுத்துடலாமே? அங்கதான் சிக்கல். மாவுச்சத்து வெந்தா தண்ணியைக் குடிச்சு உப்பும். நூத்துக்குப் பத்து பங்கு மாவு போட்டாலே களி ஆயிடும். ஆறு மாசக் குழந்தையால அதை விழுங்க முடியாது, ஓங்கரிக்கும். தண்ணி ஊத்தினா சத்து இல்ல, ஊத்தலைன்னா உள்ளே போகல.

இந்த முடிச்சை அவிழ்த்ததும் மைசூர்தான். எச்.எஸ்.ஆர்.தேசிகாச்சாரும் என்.ஜி.மல்லேஷியும் ஸ்வீடன் நாட்டு ஆய்வாளர்களோட சேர்ந்து 1981ல ஒரு கட்டுரை வெளியிட்டாங்க. கேழ்வரகு, சோளம், பச்சைப்பயறு இதையெல்லாம் முளைகட்டி மாவாக்கினா என்ன ஆகுதுன்னு பார்த்தது. முளைக்கிற தானியம் தனக்குள்ள அமைலேஸ்ங்கற நொதியை உண்டாக்கிக்கும். அது நீளமான மாவுச்சத்துச் சங்கிலியைத் துண்டு துண்டா வெட்டிடும். அதனால சாதா மாவை விட ரெண்டு மடங்கு போட்டாலும் கூழ் ஓடற பதத்துலயே இருக்கும். அதே கிண்ணம், அதே பதம், சத்து ரெண்டு மடங்கு!

பரோடா பல்கலைக்கழகத்துல தாரா கோபால்தாஸ் இதை இன்னும் எளிமையாக்கினாங்க. எல்லா மாவையும் முளைகட்ட வேணாம், கெட்டியாக் காய்ச்சின கூழ்ல ஒரு சின்ன ஸ்பூன் முளைமாவு போட்டுக் கலக்கினாலே சில நிமிஷத்துல இளகிடும்னு காட்டினாங்க. தான்சானியாவுல இதையே "சக்தி மாவு"ன்னு பேர் வெச்சுப் பரப்பினாங்க.

இப்ப லீபிக்கோட 1865 மால்ட் ஞாபகம் வருதா? அது இருக்கட்டும், எங்க ஊர் ஆயாக்களோட துணி மூட்டை ஞாபகம் வருதா? கேவுரை ராத்திரி ஊறவெச்சு, வெள்ளைத் துணியில இறுக்கிக் கட்டி, ரெண்டு நாள் தண்ணி தெளிச்சு, வெள்ளை முளை எட்டிப் பார்த்ததும் வெயில்ல காயவெச்சு, லேசா வறுத்து, அரைச்சு, துணியில சலிச்சு எடுப்பாங்களே! ஜெர்மனியில ஒரு பேராசிரியரும், வட ஆற்காட்டுல எழுதப் படிக்கத் தெரியாத பெண்களும் ஒரே வேதியியலைத்தான் செஞ்சிருக்காங்க. ஒரே வித்தியாசம், ஆயா அதையும் கடைசியில தண்ணியாக் காய்ச்சிடும். முளைகட்டினதோட லாபமே கெட்டியாப் போட முடியறதுதான். அதை விட்டுட்டா மூணு நாள் உழைப்பும் வீண்.

செய்யறவங்களுக்கு மூணு குறிப்பு. வாசனை வரணும்னு கருக வறுத்தா நொதி செத்துடும், மாவு சாதா மாவாத்தான் வேலை செய்யும். ஈரத்துல பூஞ்சை பிடிச்ச தானியம்னா யோசிக்காம மொத்தமாக் கொட்டிடணும். முளைமாவு சேர்த்து இளகின கூழை மறுபடி ஒரு கொதி விட்டு இறக்கணும், ஏன்னா முளைகட்டற ஈரத்துல கிருமியும் நல்லா வளரும்.

முன்னூத்தி எழுபத்தி மூணு குழந்தைகள்

சாப்பாட்டுப் பக்கம் இப்படி. கிருமிப் பக்கம்?

2002ல இருந்து வேலூர் நகரத்துல ராமநாயக்கன்பாளையம், சின்ன அல்லாபுரம், கஸ்பா பகுதிக் குடிசைக் குடும்பங்கள்ல பிறந்த 373 குழந்தைகளை மூணு வருஷம் விடாமப் பின்தொடர்ந்தாங்க, ககன்தீப் காங்கும் அவரோட குழுவும். பேதி வந்தாலும் வராட்டியும் மலத்தைச் சோதிச்சாங்க. ரோட்டா வைரஸ்தான் குறி. 1973ல மெல்போர்ன்ல ரூத் பிஷப் குழு கண்டுபிடிச்ச, குழந்தைப் பேதிக்குப் பெரிய காரணமான கிருமி அது.

2011ல வந்த முடிவைப் பாருங்க. பாதிக்கும் மேற்பட்ட குழந்தைகளை ஆறு மாசம் முடியறதுக்குள்ளயே ரோட்டா தொட்டுடுச்சு. அதாவது முதல் வாய் கஞ்சிக்கு முன்னாடியே! மூணு தடவை தொற்று வந்த பிறகும், கடுமையான பேதிக்கு எதிரான பாதுகாப்பு 79 சதவீதம்தான். மெக்சிகோவுல இதே மாதிரி பார்த்தப்போ ரெண்டு தடவைக்கே நல்ல பாதுகாப்பு கிடைச்சிருந்தது. நம்ம குழந்தைகளைச் சுத்தி அவ்வளவு கிருமி.

இந்த வழியிலதான் ரோட்டாவேக் தடுப்பு மருந்து வந்துச்சு. மூலக் கிருமி டெல்லியில ஒரு பச்சைக் குழந்தை கிட்ட கிடைச்சது. டெல்லி, புனே, வேலூர் மூணு இடத்துல 6,799 குழந்தைகள் கிட்ட சோதிச்சு 2014ல முடிவு வந்துச்சு. முதல் வருஷத்துல கடும் ரோட்டா பேதியைப் பாதிக்கும் கொஞ்சம் மேல தடுத்துச்சு. 2016ல அரசுத் தடுப்பூசித் திட்டத்துல ரோட்டா சொட்டு மருந்து சேர்ந்துச்சு, 2017ல தமிழ்நாட்டுக்கு வந்துச்சு. ஆறு, பத்து, பதினாலாம் வாரத்துல கொடுக்கற சொட்டு அது. 2019ல ககன்தீப் காங் லண்டன் ராயல் சொசைட்டிக்குத் தேர்வான முதல் இந்தியப் பெண் விஞ்ஞானி ஆனாங்க.

2009ல தொடங்கி எட்டு நாடுகள்ல நடந்த மால்-எட் ஆய்வுலயும் வேலூர் ஒரு களம். அதுல தெரிஞ்சது இன்னும் யோசிக்க வைக்கும். பேதியே வராட்டியும், குடல்ல சில கிருமிகள் குடியிருந்தாலே குழந்தையோட வளர்த்தி குறையுது. பேக்கர் 60கள்ல பார்த்த இலை மாதிரி குடலோட கதையேதான், வேற வார்த்தையில.

அப்ப கக்கூஸ் கட்டி, கை கழுவினா எல்லாம் சரியாயிடுமா? வங்கதேசம், கென்யா, ஜிம்பாப்வேயில பெரிய அளவுல அப்படிச் செஞ்சு பார்த்து 2018, 2019ல முடிவு சொன்னாங்க. வீட்டளவுல செஞ்ச சுத்தம் மட்டும் குழந்தைகளோட உயரத்தைக் கூட்டல. கூடுதல் உணவு கொடுத்த வீடுகள்ல கொஞ்சம் கூடுச்சு. சுத்தம் வேணாம்னு இதுக்கு அர்த்தம் இல்ல. ஊரே அழுக்காக் கிடக்கும்போது ஒரு வீட்டுச் சோப்பு மட்டும் போதாது. குழாய்த் தண்ணியும் சாக்கடையும் ஊர் விஷயம், ஒரு தாயோட கை விஷயம் மட்டும் இல்ல.

இருபத்தாறு வாரம்

ராணிப்பேட்டையில இருந்து ஆம்பூர் வரைக்கும் தோல், ஷூ கம்பெனிகள்ல பெண்கள் கூட்டம் கூட்டமா வேலைக்குப் போறாங்க. விடியக்காலையில கம்பெனி வேன் வந்து நிக்கும். ஆறு மாசம் வெறும் தாய்ப்பால்னு உலக சுகாதார சபை 2001ல தீர்மானம் போட்டுச்சு. அதுக்கு முன்னாடி நாலுல இருந்து ஆறு மாசம்னு சொல்லிட்டு இருந்தாங்க. அந்தத் தலைமுறை மாமியாருக்கும் இந்தத் தலைமுறை மருமகளுக்கும் சண்டை வர இது ஒரு காரணம், ரெண்டு பேரும் அவங்கவங்க காலத்து டாக்டர் சொன்னதைத்தான் சொல்றாங்க :-)

ஆனா சம்பளத்தோட பேறுகால விடுப்பு 1961 சட்டப்படி 12 வாரம்தான் இருந்துச்சு. ஆறு மாசம்னா 26 வாரம். சட்டம் அந்த எண்ணை எட்டிப் பிடிச்சது 2017ல, அதுவும் முதல் ரெண்டு குழந்தைக்கு. மூணு மாசத்துல வேலைக்குத் திரும்பின பெண்ணைப் பார்த்து "உன் பால் ஒத்துக்கல"ன்னு சொன்ன ஊர், அவளுக்குப் பாலூட்ட நேரம் கொடுத்துச்சான்னு யாரும் கேட்கல. விடுப்பு இல்லாத பீஸ் ரேட் வேலைக்காரிகளோட கதை இதுல சேரவே இல்ல.

சரி, என்ன செய்யறது?

இந்த வரலாறு சொல்ற பாடத்தை நான் புரிஞ்சுக்கிட்ட அளவுல சுருக்கிடறேன்.

ஆறு மாசம் முடிஞ்சதும் ஆரம்பிக்கணும். ரொம்ப முந்தினா கிருமி, ரொம்பப் பிந்தினா சவலை. கரண்டியைச் சாய்ச்சா வழிஞ்சு ஓடாத பதம் வேணும். ஒரு நேரத்துக்கு ஒரு புதுச் சாப்பாடு, ரெண்டு மூணு நாள் பார்த்துட்டு அடுத்தது. குழைச்ச சோறு, பருப்பு, ஒரு சொட்டு எண்ணெய் இல்ல நெய், மசிச்ச வாழைப்பழம், வேகவெச்ச முட்டை. முட்டையால மாந்தம் வரும்னு தள்ளிப்போடக் காரணமே இல்ல. ஆறு மாசத்துல குழந்தையோட இரும்புச் சேமிப்பு காலியாகிடும், வெறும் அரிசிக்கஞ்சி அதைத் தராது. அங்கன்வாடியில கொடுக்கிற சத்துமாவை மாட்டுக்குப் போடாதீங்க, கெட்டியாக் காய்ச்சிக் குழந்தைக்குக் கொடுங்க. அப்பப்ப காய்ச்சினது நல்லது. காலையில செஞ்சதைச் சாயங்காலம் ஊட்டறதுதான் வெயில் காலத்துல பேதிக்குக் குறுக்கு வழி. ஒரு வயசுக்குள்ள தேன் வேணாம். புட்டி வேணாம், கிண்ணமும் கரண்டியும் போதும்.

பேதி வந்தா ஓஆர்எஸ், துத்தநாகம், தாய்ப்பால், சாப்பாடு. நாலும் சேர்ந்து. முடிஞ்ச பிறகு ரெண்டு வாரம் ஒரு வேளை கூடுதலா ஊட்டினா விட்ட எடை திரும்பும்.

நிஜமாவே ஒத்துக்காத வயிறும் சில குழந்தைகளுக்கு உண்டு. பசும்பால் புரதம் ஆகாத குழந்தைகள், பேதிக்குப் பிறகு கொஞ்ச நாள் பால் சர்க்கரை செரிக்காத குழந்தைகள் இருக்காங்க. கோதுமை ஒத்துக்காத சீலியாக்கைத் தேடி ராமகிருஷ்ணா குழு மூணு வட்டாரத்துல ரத்தம் பார்த்து 2016ல வெளியிட்டப்போ, வடக்குல நூத்துல ஒருத்தருக்கு மேல அதுக்கான எதிர்ப்பொருள் இருந்துச்சு, தெற்குல ஆயிரத்துல ஒருத்தருக்குத்தான். ஆக, நம்ம பக்கம் முதல் சந்தேகம் கோதுமை மேல வேணாம். மலத்துல ரத்தம், பச்சையா வாந்தி, கண் குழிஞ்சு சோர்ந்து போறது, எடை நின்னே போறது, இது எதுவானாலும் தொக்கம் எடுக்கிறவரைத் தேடாம நேரா ஆஸ்பத்திரிக்குப் போங்க.

அறுபது வருஷ ஆராய்ச்சியைப் படிச்சு முடிச்சதும் எனக்கு மிஞ்சினது ஒரு வருத்தமும் ஒரு சந்தோஷமும். வருத்தம், இத்தனை காலமா பெத்தவளையும் பச்சைப் புள்ளையையும் குத்தவாளி ஆக்கி வெச்சிருந்தோமேங்கறது. சந்தோஷம், நம்ம வீட்டு அடுப்படியில இருந்த துணி மூட்டைக்குள்ளயே பாதித் தீர்வு முளைச்சுக் கிடந்திருக்குங்கறது. இனிமே யாராவது "வயிறு ஒத்துக்கல"ன்னு சொன்னா, கஞ்சியில எவ்வளவு தண்ணி ஊத்தினீங்க, அது எந்தத் தண்ணின்னு முதல்ல கேளுங்க.

டிஸ்கி: நான் டாக்டர் இல்ல, வரலாற்றுப் பைத்தியம் மட்டும்தான். உங்க குழந்தைக்கு எது, எவ்வளவுன்னு உங்க குழந்தை டாக்டர் சொல்றதுதான் சரி. உங்க ஊர்ல முதல் சோறு என்ன, மாந்தத்துக்கு என்ன பேர், முளைகட்டற பழக்கம் உண்டான்னு எழுதுங்க மக்கா. சேர்த்து வெப்போம்.